ஈயக் குண்டும் இல்லத்தார் கைத்திறனும்

“ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்” என்பது நம் இல்லங்களில் வழங்கும் பழமொழி. ஒரே நீரில், ஒரே தீயில், ஒரே பொழுதில் வெந்த சோறு ஆதலின், ஒரு பருக்கையை நசுக்கிப் பார்த்து முழுப் பானையின் நிலையை அறிந்துவிடலாம். ஆனால் அரிசி உலைக்குச் செல்லுமுன் நம் தாய்மார் இவ்விதியைக் கைக்கொள்வதில்லை. முறத்தில் இட்டுப் புடைத்து, உமியையும் நொய்யையும் நீக்கி, கல்லை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எறிகின்றனர். ஒரு பிடி அரிசியில் கல் இல்லை என்பதைக் கொண்டு அடுத்த பிடியிலும் கல் இராது என்று கூற இயலாது அன்றோ? பதம் பார்த்தல் வேறு; பொறுக்குதல் வேறு.

படைக்கருவிகளின் வரலாற்றிலும் இவ்வாறு ஒவ்வொன்றாகப் பார்த்துப் பொறுக்கும் தொழில் ஒன்று உண்டு. அஃது ஈயத்தை உருக்கி, உருண்டைக் குண்டுகளாக வார்த்து, நல்லவற்றையும் பழுதுற்றவற்றையும் பிரித்தெடுக்கும் தொழில். மன்னரும் தளபதியரும் வென்ற போர்களை நூல்கள் விரித்துரைக்கின்றன. அப்போர்களுக்கு வேண்டிய குண்டுகளை வீட்டிலிருந்து வார்த்துக் கொடுத்த மகளிரையும் சிறாரையும் பற்றி அவை பேசுவது அரிது. அவ்வாறு பேசும் ஒரு தாளையும், அத்தாளுக்குப் பின்னுள்ள தொழிலின் நுட்பத்தையும் ஈண்டு காண்போம்.

குழலும் குண்டும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரையில் உலகில் வழங்கிய துப்பாக்கிகளிற் பெரும்பாலானவை வாய்வழியே கெட்டிக்கப்படுபவை. குழலின் வாயில் கருமருந்தைக் கொட்டி, அதன்மேல் ஈயக் குண்டை இட்டு, நீண்ட கோலால் இடித்து அடிவரையில் செலுத்துவர். பின்னர்த் திரியின் நெருப்பாலோ, சக்கிமுக்கிக் கல்லின் பொறியாலோ மருந்தில் தீ மூட்டுவர். விரைவிற் கெட்டிக்கும்பொருட்டு, மருந்தையும் குண்டையும் ஒருங்கே காகிதத்திற் சுருட்டி மடித்து வைத்தனர். அதுவே தோட்டா. வீரன் அதன் நுனியைப் பல்லாற் கடித்துக் கிழித்து, மருந்தைக் குழலில் கொட்டுவான். 1857-ஆம் ஆண்டுக் கிளர்ச்சிக்கு உடனடிக் காரணமாயிற்று என்று நாம் பள்ளியிற் படித்த கொழுப்புத் தடவிய தோட்டாவும் இவ்வகைக் காகிதத் தோட்டாவேயாம்.

குண்டுக்கு ஈயத்தைத் தேர்ந்தமைக்குக் காரணங்கள் தெளிவானவை. இரும்பு உருகுவதற்கு 1,538 பாகை சென்டிகிரேடு வெப்பம் வேண்டும். ஈயமோ 327 பாகையிலேயே உருகிவிடும். அதற்கு உலைக்கூடம் வேண்டுவதில்லை, விறகடுப்பே போதும். மேலும் ஈயம் இரும்பினும் கனமானது. மென்மையானது ஆதலின் குழலின் உட்புறத்தைத் தேய்ப்பதும் இல்லை. இக்காரணங்களால் குண்டு வார்த்தல் ஆலைத் தொழிலாக மட்டும் இல்லாமல் வீட்டுத் தொழிலாகவும் விளங்கிற்று. துப்பாக்கி வாங்குவோர் பலர் அதன் குழலுக்கு ஏற்ற வார்ப்பச்சையும் உடன் வாங்கினர். இடுக்கி போன்ற வடிவில், இரண்டு பாதிகள் ஒன்றாக மூடும் சிறு கருவி அது.

குண்டின் எடையே துப்பாக்கியின் அளவுக்குப் பெயர் தந்தது என்பது பலர் அறியாத செய்தி. நம் நாட்டில் வேட்டைக்காரரும் காவற்காரரும் “12 போர்” துப்பாக்கி என்று சொல்லக் கேட்டிருப்போம். ஒரு பவுண்டு ஈயத்தைச் சமமான 12 உருண்டைகளாக வார்த்தால், அவற்றுள் ஒன்று எந்தக் குழலுக்குச் சரியாக அமையுமோ, அந்தக் குழலே 12 போர். அவ்வுருண்டையின் எடை ஏறத்தாழ 38 கிராம், குறுக்களவு 18.5 மில்லிமீட்டர். 20 போர் என்பதில் எண் பெரிதாயினும் குழல் சிறிதாயிருப்பதன் காரணமும் இதுவே.

சிலை குண்டான கதை

அமெரிக்கக் குடியேற்ற நாடுகளின்மீது விதிக்கப்பட்ட முத்திரைவரிச் சட்டம் 1766-ஆம் ஆண்டு நீக்கப்பட்டது. மக்கள் மகிழ்ந்தனர். அம்மகிழ்ச்சியின் அடையாளமாக, இங்கிலாந்தின் மன்னர் மூன்றாம் ஜார்ஜின் சிலையொன்று 1770-ஆம் ஆண்டு நியூயார்க் நகரின் பௌலிங் கிரீன் என்னும் திடலில் நிறுவப்பட்டது. லண்டன் சிற்பி ஜோசப் வில்ட்டன் செய்த அச்சிலை, மன்னர் குதிரைமேல் அமர்ந்த கோலமுடையது. ஈயத்தால் வார்த்துப் பொன்முலாம் பூசப்பெற்றது.

ஆறே ஆண்டுகளில் காலம் மாறிற்று. 1776 சூலை 4-ஆம் நாள் விடுதலை அறிவிப்பு ஏற்கப்பெற்றது. சூலை 9-ஆம் நாள் அவ்வறிவிப்பு நியூயார்க்கில் வாஷிங்டனின் படைவீரர்க்குப் படித்துக் காட்டப்பட்டது. அன்று மாலையே வீரரும் நகரமக்களும் திடலுக்குத் திரண்டு சென்று, கயிறு கட்டி இழுத்துச் சிலையைத் தரையில் வீழ்த்தினர். அதன் எடை ஏறத்தாழ 4,000 பவுண்டு என்று சொல்லப்படுகின்றது.

போருக்கு ஈயம் அரிதாயிருந்த காலம் அது. சிலையின் துண்டுகளிற் பெரும்பகுதி கனெக்டிகட் நாட்டின் லிட்ச்பீல்டு என்னும் ஊருக்கு அனுப்பப்பட்டது. அவ்வூரில் வாழ்ந்தவர் ஆலிவர் வுல்காட். விடுதலை அறிவிப்பிற் கையொப்பமிட்டோருள் ஒருவர். பின்னாளில் கனெக்டிகட்டின் ஆளுநராகவும் விளங்கியவர். அவருடைய வீட்டை ஒட்டிய ஆப்பிள் தோட்டத்தில் கொட்டகை ஒன்று எழுப்பினர். வுல்காட் தாமே விறகு வெட்டும் கோடரியால் மன்னரின் உருவத்தைத் துண்டு துண்டாக வெட்டினார். பெண்கள் ஈயத்தை உருக்கிக் குண்டுகளாக வார்த்துத் தோட்டாக்களாகச் சுருட்டினர். அந்நாளிற் சிறுவனாயிருந்த அவர் மைந்தர் பிரெடரிக், முதுமையில் இதனை நினைவுகூர்ந்து சொல்லியுள்ளார். மகளிர் அவ்வேலையை ஒரு விளையாட்டைப்போல மகிழ்ந்து செய்தனர் என்பதும் அவர் நினைவு.

வுல்காட் குடும்பத்து ஆவணங்களிற் கிடைத்த ஒரு கணக்குத் தாள், யார் யார் எத்தனை தோட்டாக்களை ஆக்கினர் என்று கூறுகின்றது. திருமதி மார்வின் 6,058, ரூத் மார்வின் 11,592, லாரா 8,378, மேரி ஆன் 10,790, பிரெடரிக் 936, திருமதி பீச் 1,802, பிறர் பலர் சேர்ந்து ஆக்கியவை 2,182. ஊர்க்காவற் படைக்கு அவசரமாகக் கொடுத்தவை 50. ஒரு படைப்பிரிவுக்கு வழங்கியவை 300. ஆக மொத்தம் 42,088.

இவ்வெண்களைக் கூட்டிப் பார்த்தால் ஒன்றும் பிசகுவதில்லை. லாரா, மேரி ஆன், பிரெடரிக் மூவரும் வுல்காட்டின் மக்கள். லாரா பிறந்தது 1761-இல், மேரி ஆன் 1765-இல், பிரெடரிக் 1767-இல். மூத்தவளுக்கே பதினைந்து வயதிற்கு மேல் இராது. இம்மூவர் ஆக்கியவை மட்டும் 20,104. அஃதாவது மொத்தத்திற் பாதிக்குச் சற்றே குறைவு. எட்டு ஒன்பது வயதுச் சிறுவன் செய்த 936-ஐயும் தந்தை தனியே எழுதி வைத்தார். அவன் பங்கைப் “பிறர் பலர்” என்பதில் தள்ளிவிடவில்லை. இத்தாளின் சிறப்பு இதுவே.

குண்டொன்று 27 கிராம் எனக் கொண்டால், 42,088 குண்டுகளுக்கு 1,136 கிலோகிராம், அஃதாவது 2,500 பவுண்டு அளவு ஈயம் வேண்டும். சிலையின் எடையில் ஐந்தில் மூன்று பங்கு இங்ஙனம் குண்டாயிற்று என்று மதிப்பிடலாம். எஞ்சிய துண்டுகளுட் சில வழியிலேயே மறைக்கப்பட்டன. குதிரையின் வால் பின்னாளில் மண்ணிலிருந்து வெளிப்பட்டு, நியூயார்க்கின் வரலாற்றுக் கழகக் காட்சிசாலையை அடைந்தது.

கடலூரில் மறைந்த அறிஞர்

குண்டு வார்த்தால் போதாதோ, பொறுக்குவது எதற்கு என்னும் வினாவுக்கு விடை தந்த அறிஞர் ஒருவரின் வாழ்வு நம் தமிழ் மண்ணில் முடிந்தது என்பது வியப்பான செய்தி. அவர் பெஞ்சமின் ராபின்ஸ். இங்கிலாந்தில் 1707-ஆம் ஆண்டு பிறந்தவர், கணிதத்தில் வல்லவர். 1742-ஆம் ஆண்டு பீரங்கி, துப்பாக்கிகளின் இயல்பைப் பற்றிப் புதுநெறி வகுத்த நூல் ஒன்றை வெளியிட்டார். குண்டின் வேகத்தை அளத்தற்குக் கனமான ஊசல் ஒன்றை அமைத்தார். குண்டு பாய்ந்தவுடன் ஊசல் எவ்வளவு பின்வாங்குகின்றது என்பதைக் கொண்டு வேகத்தைக் கணித்தார். பெருங்கணித மேதை ஆய்லர் இந்நூலை 1745-இல் செருமானிய மொழியில் பெயர்த்து விளக்கவுரையும் எழுதினார்.

உருண்டைக் குண்டு ஏன் நேரே செல்லாமல் விலகுகின்றது என்று ராபின்ஸ் ஆராய்ந்தார். குழலின் ஒரு பக்கத்தில் உராய்ந்து வெளிவரும் குண்டு தாறுமாறாகச் சுழல்கின்றது. அச்சுழற்சியினாற் காற்று அதனை ஒரு புறமாகத் தள்ளுகின்றது என்று கண்டார். குழலின் முனையை ஒரு பக்கம் வளைத்துச் சுட்டுக் காட்டினார். குண்டு முதலில் வளைந்த திசையிற் சென்று, பின்னர் எதிர்ப்பக்கமாகத் திரும்பிற்று! குழலின் உட்புறத்தில் திருகுபோன்ற புரிகளை வெட்டி, குண்டு செல்லும் திசையையே அச்சாகக் கொண்டு சுழலுமாறு செய்தால் இவ்விலகல் நீங்கும் என்றும், அத்தகைய புரிகுழற் படையை எந்நாடு முதலில் நன்கு கைக்கொள்கின்றதோ அந்நாடு மேம்பாடு எய்தும் என்றும் கருதினார்.

கிழக்கிந்தியக் கம்பெனியின் கோட்டைகளைச் சீர்படுத்தும் தலைமைப் பொறியாளராக அமர்த்தப்பெற்று, அவர் தென்னிந்தியா வந்தார். கடலூரை அடுத்த தேவனாம்பட்டினத்தில் உள்ள செயின்ட் டேவிட் கோட்டையில் காய்ச்சலுற்று, 1751 சூலை 29-ஆம் நாள் உயிர் நீத்தார். உருண்டைக் குண்டின் போக்கை அறிவியல் வழி விளக்கிய அறிஞரின் இறுதி நாட்கள் கெடில நதிக் கரையிற் கழிந்தன.

அக்காலத்துப் படைவீரன் கையிலிருந்த மஸ்கெட் என்னும் துப்பாக்கிக்குப் புரி இல்லை. ஆங்கிலப் படையின் மஸ்கெட்டுக்குக் குழலின் உட்குறுக்களவு முக்கால் அங்குலம், குண்டோ 0.69 அங்குலமே. கருமருந்தின் கரி குழலிற் படிந்தாலும் குண்டு தடையின்றி இறங்குதற்காக இவ்விடைவெளியை விட்டனர். அதனால் குண்டு குழலுக்குள் இங்கும் அங்கும் மோதிக்கொண்டே வெளிவரும். நூறு கஜத்துக்கு அப்பால் ஒரு மனிதனைக் குறிபார்ப்பது வீண்முயற்சி. அத்துப்பாக்கிக்கு அச்சை விட்டு வெளிவந்த குண்டு குழலில் இறங்கினாற் போதும். புரிகுழல் துப்பாக்கியின் நிலை வேறு. அதில் எண்ணெயோ கொழுப்போ தடவிய துணித்துண்டிற் பொதிந்து குண்டை இறுக இறக்குவர். அது சுழன்று செல்வது. சுழலும் பொருளின் கனம் நடுவில் அமையாவிடின் அது தள்ளாடும் என்பதைப் பம்பரம் விட்ட சிறுவர் யாவரும் அறிவர். ஆகவே புரிகுழல் வந்தபின் பொறுக்கும் தொழிலுக்கு ஏற்றம் பிறந்தது.

பொறுக்கும் முறை

பொறுக்குதல் வார்ப்பதற்கு முன்னரே தொடங்கிவிடுகின்றது. தமிழில் ஈயம் என்னும் சொல் இரண்டு உலோகங்களுக்கு வழங்குகின்றது. நம் பாட்டிமார் ரசம் வைக்கும் ஈயச் சொம்பு வெள்ளீயத்தால் ஆனது. குண்டு வார்ப்பது காரீயத்தால். வெள்ளீயம் கலந்தால் குண்டு கடினமாகி எடையும் குறையும். நகத்தாற் கீறினாற் கோடு விழும் அளவுக்கு மென்மையானதே நல்ல காரீயம். உருகியபின் மேலே மிதக்கும் கசடைக் கரண்டியால் வழித்தெடுக்கவேண்டும்.

முதலில் வார்க்கும் சில குண்டுகளை எண்ணாமலே மீண்டும் சட்டியில் இடுவர். அச்சு சூடேறாத நிலையில் ஈயம் முழுதும் பரவுமுன் உறைந்து, சுருக்கம் விழுந்த தோல் போலாகிவிடும். அச்சு பதமானபின் வரும் குண்டுகளை முதலிற் கண் சோதிக்கின்றது. சுருக்கம், பள்ளம், நிறையாத விளிம்பு, அச்சின் இரு பாதிகளும் சேராமையால் நடுவே விளிம்பு கட்டிய கோடு ஆகியவை உள்ளவற்றை ஒதுக்குவர்.

அடுத்தது அளவு. இரண்டு வளையங்கள் கொண்டு அளப்பது பழைய முறை. நல்ல குண்டு பெரிய வளையத்தில் எப்பக்கம் திருப்பினும் நுழையவேண்டும். அதனினும் சற்றே சிறிய வளையத்தில் நுழையலாகாது. சிறு ரவைகளை உயர்ந்த கோபுரத்தினின்று துளித்துளியாக நீரில் விழச்செய்து ஆக்கும் முறைக்குப் பிரிஸ்டல் நகரத்து வில்லியம் வாட்ஸ் 1782-இல் காப்புரிமை பெற்றார். அத்தகைய ஆலைகளில் ரவையைச் சாய்வான பலகையில் உருட்டிவிட்டனர். உருண்டையானவை விரைந்து உருண்டு, பலகையின் முடிவிலுள்ள இடைவெளியைத் தாண்டின. கோணலானவை தயங்கி அவ்விடைவெளியில் விழுந்தன. நம் முறத்திற் கொழிக்கும் நுட்பமும் இதனோடு ஒத்ததே.

கண்ணுக்கும் வளையத்துக்கும் அகப்படாத குற்றம் ஒன்று உண்டு. அஃது உள்ளே ஒளிந்திருக்கும் பொள்ளல். உருகிய ஈயம் உறையும்போது நூற்றுக்கு மூன்று பங்குக்கு மேற் சுருங்கும். வெளித்தோடு முதலில் உறைந்து, உட்புறம் பின்னர் உறைவதால், சுருங்கிய அளவுக்கு இடம் வெற்றிடமாகிவிடும். அச்சின் வாயில் ஈயத்தைச் சற்று மிகுதியாகத் தேங்கவிட்டால், அது நெடுநேரம் உருகிய நிலையிலிருந்து உள்ளே இறங்கி வெற்றிடத்தை நிரப்பும். அவ்வாறு ஆகாதபோது, வெளியே மாசற்ற மணிபோல் ஒளிரும் குண்டு உள்ளே பொள்ளலாயிருக்கும்.

இதனைக் காட்டிக்கொடுப்பது தராசு ஒன்றே. அரை அங்குலப் புரிகுழலுக்குரிய 0.49 அங்குலக் குண்டு தூய காரீயத்தில் ஏறத்தாழ 11.45 கிராம் இருக்கும். அதனுள் மூன்று மில்லிமீட்டர் அகலமுள்ள பொள்ளல் இருப்பின் 0.16 கிராம் குறையும். கண் அறியாத அக்குறையை நுண்ணிய தராசு அறிகின்றது. நூறு குண்டுகளை நிறுத்து, எடை வரிசையில் வைத்துப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். பெரும்பாலானவை ஓர் எடையை ஒட்டித் திரண்டு நிற்கும். சில மட்டும் இலேசான பக்கத்தில் நீண்டு வால்போற் சிதறும். அவ்வாலே பொள்ளற் குண்டுகளின் கூட்டம். மறுபுறம் எடை மிகுந்தவை அச்சு முழுதும் மூடாததால் பருத்தவை. இரு கோடிகளையும் நீக்கி, நடுவில் நின்றவற்றையும் எடை ஒத்த குழுக்களாகப் பிரித்து வைப்பர். காம்பு வெட்டிய தழும்பு உள்ள குண்டைத் தழும்பு மேல்நோக்கி நடுவே நிற்குமாறு குழலில் இறக்குவர். அங்ஙனம் செய்தால் எஞ்சிய சிறு குறையும் சுழலும் அச்சின்மேல் அமைந்து தீங்கு செய்யாது.

ஒரு பானைச் சோற்றின் விதி இங்குப் பொருந்தாமையின் காரணம் இப்போது விளங்கும். ஒரே சட்டியின் ஈயம், ஒரே அச்சு, ஒரே கை. எனினும் ஒவ்வொரு குண்டும் தனித்தனியே பிறக்கின்றது. அதன் குற்றம் அதற்கே உரியது.

உருண்டைக் குண்டின் பிற்கால வாழ்வு

1849-ஆம் ஆண்டளவில் பிரெஞ்சுப் படைத்தலைவர் மினியே, அடியிற் குடைவுள்ள கூர்முனைக் குண்டை வழக்கிற் கொணர்ந்தார். அது தளர்வாக இறங்கி, சுடும்போது விரிந்து புரியைப் பற்றிக்கொண்டது. அதன்பின் படைகளில் உருண்டைக் குண்டின் ஆட்சி முடிந்தது. ஆயினும் அக்கலை அழியவில்லை. பழைய துப்பாக்கிகளைப் போற்றுவோர் அமெரிக்காவில் 1933-ஆம் ஆண்டு தேசியச் சங்கம் ஒன்றை நிறுவினர். இலக்கு நோக்கிச் சுடும் விளையாட்டுக்காக அன்னோர் இன்றும் தாமே ஈயம் உருக்கி, தாமே வார்த்து, ஒவ்வொரு குண்டையும் நிறுத்துப் பொறுக்குகின்றனர். போரில் உயிரைப் பறித்த பொருள் காகித இலக்கிற் பொத்தலிடும் பொருளாயிற்று. பொறுமை மட்டும் மாறவில்லை.

ஈயத்தின் மறுமுகம்

இவ்வரலாற்றைப் பெருமிதத்தோடு மட்டும் முடித்தல் நேர்மையாகாது. காரீயம் நஞ்சு. அது மெல்ல மெல்ல உடலிற் சேர்ந்து குருதியையும் நரம்பையும் கெடுக்கும். குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் குலைக்கும். தீங்கற்றது என்று சொல்லத்தக்க அளவு எதுவும் அறியப்படவில்லை என்பது உலக நல்வாழ்வு நிறுவனத்தின் முடிவு. இன்று குண்டு வார்ப்போர் காற்றோட்டமுள்ள வெளியிடத்தில், சமையற் கலங்களுக்கு அப்பால், குழந்தைகளை விலக்கிவைத்துச் செய்கின்றனர். முடிந்ததும் கையை நன்கு கழுவுகின்றனர். ஈரம் பட்டாற் கொதிக்கும் ஈயம் வெடித்துச் சிதறும் ஆதலின் நீரையும் அருகிற் கொணர்வதில்லை.

லிட்ச்பீல்டின் ஆப்பிள் தோட்டத்தில் இவ்வறிவு இல்லை. மேரி ஆன் 10,790 முறை கையாண்ட பொருள் இத்தகையது. விடுதலைக்குக் கொடுத்த விலையைப் போர்க்களத்தில் மாண்டோர் எண்ணிக்கையால் மட்டும் அளப்பது பொருந்துமோ? வீட்டில் இருந்தோரும் தாம் அறியாமலே தம் உடலைப் பணயம் வைத்தனர்.

எனினும் அவர்களுக்கு ஒரு பேறு வாய்த்தது. அவர்கள் செய்ததை ஒருவர் எண்ணினார், எண்ணியதை எழுதினார், எழுதிய தாள் அழியாமல் நின்றது. எத்தனையோ நாடுகளில், எத்தனையோ இல்லங்களில், இவ்வாறு உழைத்த கைகள் கணக்கில் ஏறாமலே மறைந்தன. ஊர் விட்டு ஊர் வந்து வாழும் நம் குடும்பங்களிலும் இத்தகைய உழைப்பு நாள்தோறும் நிகழ்கின்றது. விழா மேடையில் நிற்போர் பெயரை மலரில் அச்சிடுகின்றோம். மாலை தொடுத்தோர், மாவு அரைத்தோர், பந்தலில் ஓடியாடிய சிறார் ஆகியோரின் பெயர்களும் எங்கேனும் ஒரு தாளில் இருத்தல் வேண்டும். 936 என்னும் எண்ணைத் தந்தை ஒருவர் எழுதி வைத்ததனாலன்றோ, இருநூற்றைம்பது ஆண்டுகள் கழிந்தபின்னும் அச்சிறுவன் பிரெடரிக்கை நாம் அறிகின்றோம்!